வடம் தாங்குவது எடையை மட்டுமா?

(வானொலியில் உழவர்களுக்காக ஆற்றிய உரை)



சித்திரை, வைகாசி வந்துவிட்டால் கிணற்றில் தண்ணீர் அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. மோட்டார் அரை மணி ஓடினால் காற்றை இழுக்கிறது. நட்ட கரும்பு வாடுகிறது. மரவள்ளி இலை தொங்குகிறது. ஆடிப் பட்டத்துக்குள் இன்னும் ஒரு பத்தடியாவது இறக்கிவிட வேண்டும் என்று முடிவு பண்ணி, கிரேன்காரருக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

கல்வராயன் மலைக்குக் கீழே விரிந்து கிடக்கும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், நைனார்பாளையம் வட்டாரம் கடும்பாறைப் பூமி. கொஞ்ச ஆழத்துக்கு மண், அதன் பிறகு கல்தான். கல்லை உடைத்தால் மட்டும் போதுமா? உடைத்த கல் அத்தனையும் மேலே வந்தாக வேண்டும். அதை மேலே கொண்டுவருவது ஒரே ஒரு வடம். அந்த வடத்துக்குக் கீழே நாலு ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாமல் போவதும் அந்த வடத்தைப் பொறுத்தது. அதனால்தான் இன்று விதை, உரம், மருந்து எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, வடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நைனார்பாளையத்திலிருந்து ஒரு விவசாயி இப்படிக் கேட்டிருக்கிறார்: "போன வருஷம் இதே வடம் ஒரு டன் பாறையைத் தூக்கியது. ஒன்றும் ஆகவில்லை. இந்த வருஷம் அரை டன் கல்லுக்கே அறுந்துவிட்டது. நல்ல வேளை, ஆட்கள் சாப்பிட மேலே வந்திருந்தார்கள். ஒரு டன் தாங்கிய வடம் அரை டன்னுக்கு ஏன் அறுகிறது?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். பயப்படாதீர்கள். வட்டிக் கணக்கு போடத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கும் வரும்.

எடை வேறு, இழுப்பு வேறு

வீட்டுக் கிணற்றில் பெண்கள் தண்ணீர் சேந்துவதைப் பார்த்திருப்பீர்கள். நிதானமாக இழுத்தால் பழைய கயிறுகூடக் குடத்தைத் தூக்கிவிடும். அவசரத்தில் வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறுந்து குடம் உள்ளே போய்விடும். குடம் அதே குடம், தண்ணீர் அதே தண்ணீர், கயிறும் அதேதான். மாறியது எது? இழுத்த வேகம் மாறிய விதம்.

ஒரு பொருள் சும்மா தொங்கும்போது அதன் எடை எவ்வளவோ, அவ்வளவுதான் கயிற்றின் இழுப்பு. ஒரே சீரான வேகத்தில் ஏறும்போதும் அப்படியேதான். மெதுவாக ஏறினாலும் சரி, விரைவாக ஏறினாலும் சரி, வேகம் மாறாதவரைக்கும் கயிறு எடையை மட்டுமே தாங்குகிறது. இதைப் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை இதுதான்.

நின்றுகொண்டிருந்த பொருளைக் கிளப்பி வேகம் கொடுக்கிறோமே, அப்போதுதான் கயிற்றுக்குக் கூடுதல் வேலை வருகிறது. எடையையும் தாங்க வேண்டும், அதோடு வேகத்தையும் ஊட்ட வேண்டும். வேகம் கூடும் இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடப் பாடத்தில் முடுக்கம் என்பார்கள். இங்கிலாந்து நாட்டு ஐசக் நியூட்டன் 1687-ஆம் ஆண்டு வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு விதி சொல்லிவிட்டார். முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த விதி நம் கிணற்று மேட்டிலும் மாறவில்லை.

விதியை நம் பேச்சில் சொல்கிறேன். கைவிட்ட கல் கீழே விழும்போது ஒவ்வொரு வினாடிக்கும் அதன் வேகம் ஏறக்குறைய 10 மீட்டர் கூடுகிறது. துல்லியமாகச் சொன்னால் 9.8 மீட்டர், நமக்குப் பத்து என்றால் போதும். நாம் தூக்கும் பொருளுக்கு வினாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் கூட்டுகிறோமோ, அதைப் பத்தால் வகுக்க வேண்டும். அந்தப் பங்கு எடை, உள்ள எடையோடு சேர்ந்துகொள்ளும். வினாடிக்கு 1 மீட்டர் வேகம் கூட்டினால் பத்தில் ஒரு பங்கு எடை கூடும். 5 மீட்டர் கூட்டினால் பாதி எடை கூடும். 10 மீட்டர் கூட்டினால் இழுப்பு இரண்டு மடங்கு ஆகிவிடும்.

முதலில் எடையை எண்ணுங்கள்

"தொட்டியில் எவ்வளவு எடை இருக்கும்?" என்று கேட்டால், "என்ன, ஒரு நாலு மூட்டை கனம் இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்கிறோம். அது போதாது. உடைத்த கல் ஒரு கன அடி ஏறக்குறைய 45 கிலோ இருக்கும். ஈரச் சேறு அதைவிடக் கனம். கன அடிக்கு 50 கிலோவுக்கு மேலேயே வரும். தண்ணீர் கன அடிக்கு 28 கிலோ.

பத்துக் கன அடி பிடிக்கும் இரும்புத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். நிறையக் கல் வாரினால் 450 கிலோ. வெறும் தொட்டி ஒரு 90 கிலோ. 60 அடி ஆழத்துக்குத் தொங்கும் 12 மில்லிமீட்டர் இரும்பு வடத்தின் எடை ஏறக்குறைய 10 கிலோ. ஆக மொத்தம் 550 கிலோ. இதுதான் நம் கணக்குக்கு முதல்.

தொட்டிக்கு மேலே கும்பாச்சியாகக் கல் வாரி வைப்பார்கள். அப்படி வைத்தால் எடை நூறு கிலோ கூடலாம். அதைவிட முக்கியம், மேலே ஏறும்போது ஒரு கல் உருண்டு விழுந்தால் கீழே இருப்பவர் தலை தப்பாது. ஆகவே தொட்டி விளிம்புக்கு நாலு விரல் கீழேயே கல் நிற்கட்டும்.

முதல் ஒரு வினாடி

இனி முடுக்கத்தை எப்படி அளப்பது? அதற்குக் கருவி ஏதும் வேண்டாம். வடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி கட்டிவையுங்கள். ஒரு மீட்டர் என்பது மூன்றே கால் அடி. தொட்டி தரையை விட்டுக் கிளம்பியதும் நிதானமாக "ஆயிரத்து ஒன்று" என்று சொல்லுங்கள். சொல்லி முடிக்க ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். கைப்பேசியில் வினாடி பார்க்கத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த முதல் வினாடியில் தொட்டி எத்தனை மீட்டர் ஏறியது என்று பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஐந்தில் ஒரு பங்கு எடையைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் கணக்கு.

நம்முடைய 550 கிலோ தொட்டியையே எடுத்துக்கொள்வோம்.

முதல் வினாடியில் கால் மீட்டர், அதாவது ஒரு முழத்துக்கும் குறைவாக ஏறினால், கூடும் பாரம் 27 கிலோதான். வடத்தில் இழுப்பு 577 கிலோ. கவலை இல்லை.

முதல் வினாடியில் ஒரு மீட்டர் ஏறினால், 110 கிலோ கூடும். இழுப்பு 660 கிலோ.

முதல் வினாடியில் இரண்டு மீட்டர் ஏறினால், 220 கிலோ கூடும். இழுப்பு 770 கிலோ.

தொட்டியில் ஒரு கல்கூட அதிகமாகப் போடவில்லை. ஆனால் கிளட்சை விட்ட விதத்தில் 220 கிலோ பாரம் வந்து வடத்தில் உட்கார்ந்துகொண்டது. மூன்று ஆட்கள் கூடுதலாகத் தொங்குவதற்குச் சமம் அது. "சுறுசுறுப்பான ஆபரேட்டர், நாளைக்கு நூறு தொட்டி எடுப்பார்" என்று நாம் மெச்சிக்கொள்கிறோம். அவர் சுறுசுறுப்பைத் தாங்குவது வடம்.

இறக்கும்போது இன்னும் கவனம்

ஏற்றும்போதுதான் ஆபத்து, இறக்கும்போது என்ன என்று நினைக்கிறோம். அது தப்பு. தொட்டி கீழே இறங்கத் தொடங்கும்போது வடத்தில் பாரம் குறைகிறது. வடம் லேசாக இருப்பதுபோலத் தெரியும். அந்த லேசை நம்பக் கூடாது. இறங்கும் தொட்டியை எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்? நிறுத்தும்போது குறைந்த பாரம் அத்தனையும் திரும்ப வரும். சட்டென்று பிரேக் பிடித்தால் வட்டியும் சேர்ந்து வரும்.

இரண்டு ஆட்கள் தொட்டியில் நின்று இறங்குகிறார்கள் என்று வையுங்கள். ஆட்கள் 120 கிலோ, தொட்டி 90, வடம் 10, மொத்தம் 220 கிலோ. ஆபரேட்டர் பிரேக்கைத் தளர்த்தி விட்டுவிடுகிறார். தொட்டி வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போகிறது. தரை நெருங்கியதும் பதறிப்போய்ப் பிரேக்கை அழுத்துகிறார். முக்கால் மீட்டர், முக்காலே அரைக்கால் மீட்டர் தூரத்துக்குள் தொட்டி நிற்கிறது. அப்போது வடத்தின் இழுப்பு எவ்வளவு தெரியுமா? இரண்டு மடங்கு, 440 கிலோ. அதே தொட்டியை 4 மீட்டர் தூரம் விட்டு, நிதானமாக அமர்த்தி நிறுத்தியிருந்தால் இழுப்பு 264 கிலோதான் வந்திருக்கும். நிறுத்த எடுத்துக்கொள்ளும் தூரம் குறையக் குறைய இழுப்பு ஏறும். இதை ஆபரேட்டருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தொய்ந்த வடம் எமன்

இதுவரை சொன்னது கால் பங்கு, அரைப் பங்கு, மிஞ்சினால் இரண்டு மடங்கு. நைனார்பாளையத்தார் வடம் அறுந்ததற்கு அது போதாது. அதற்குக் காரணம் வேறு. அதுதான் தொய்வு.

வடம் தொய்ந்து கிடக்கும்போது எஞ்சின் சுற்ற ஆரம்பிக்கிறது. உருளை வேகம் பிடித்துக்கொள்கிறது. தொய்வு தீர்ந்து வடம் விண்ணென்று விறைக்கிற நொடியில், சும்மா உட்கார்ந்திருக்கும் 550 கிலோ தொட்டிக்கு அந்த முழு வேகத்தையும் ஒரு நொடிக்குள் கொடுத்தாக வேண்டும். வடம் எவ்வளவு நீண்டு கொடுக்குமோ, அந்த நீட்சிக்குள்ளேயே எல்லாம் நடந்து முடிய வேண்டும். இரும்பு வடம் ரப்பர் அல்ல. 60 அடி வடம் 550 கிலோ பாரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம்தான் நீளும். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சுற்றும் வடம் அப்படி வெட்டி இழுத்தால், இழுப்பு மூன்று மடங்கு ஆகும். 1,650 கிலோ!

இன்னொன்று அதைவிட மோசம். தொட்டி இறங்கும்போது கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் போய் உட்கார்ந்துவிடும். மேலே இருப்பவருக்கு அது தெரியாது. அவர் வடத்தை விட்டுக்கொண்டே இருப்பார். வடம் தொய்ந்துகொண்டே வரும். திடீரென்று தொட்டி சறுக்கி விழும். தொய்வு ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓர் அடி விழுந்த தொட்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது அதே ஓர் அங்குல நீட்சிதான்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. விழுந்த தூரத்தை வடத்தின் நீட்சியால் வகுக்க வேண்டும். ஓர் அடிக்கு 12 அங்குலம், நீட்சி ஓர் அங்குலம், ஆக 12. அதை இரட்டித்தால் 24. ஒன்று கூட்டினால் 25. அதன் வர்க்கமூலம் 5. இன்னும் ஒன்று கூட்டினால் 6. ஆறு மடங்கு! 550 கிலோ தொட்டி அந்த நொடியில் 3,300 கிலோவாக இழுக்கிறது. கிரேனின் கை கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் உண்மையில் சற்றுக் குறையலாம். ஆனால் அந்தச் "சற்று" என்பதை நம்பி ஆளை இறக்க முடியுமா?

தொட்டி மேலே வர வர, தொங்கும் வடத்தின் நீளம் குறைகிறது. நீளம் குறைந்தால் நீட்சியும் குறையும். நீட்சி குறைந்தால் அதே ஓர் அடி விழுகைக்கு அதிர்ச்சி இன்னும் கூடும். ஆகவே, "மேலே வந்துவிட்டது, இனி என்ன?" என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். விளிம்பில் தொட்டி தட்டிச் சறுக்குவதுதான் மிகவும் கெட்டது.

கவலை ஓட்டிய பெரியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். சால் தண்ணீரில் முழுகி, வடம் விறைத்த பிறகுதான் மாட்டை அதட்டி ஓட்டுவார்கள். வடம் தொய்ந்திருக்கும்போது மாட்டை விரட்டினால் வடமும் போகும், மாட்டுக் கழுத்தும் புண்ணாகும். நியூட்டன் கணக்கை அவர்கள் படிக்கவில்லை. ஆனால் கை அறிந்திருந்தது. எஞ்சினுக்குக் கழுத்து வலிக்காது, அது சொல்லாது. அதனால் நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

வடத்தின் பலம் எவ்வளவு?

இரும்பு வடத்தின் பலத்தை மதிப்பிட ஒரு சுலபமான வழி உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 50-ஆல் பெருக்குங்கள். 12 மில்லிமீட்டர் வடம் என்றால் பன்னிரண்டு பன்னிரண்டு 144. 50-ஆல் பெருக்கினால் 7,200. அதாவது நல்ல புது வடம் ஏறக்குறைய 7,200 கிலோவில் அறும். வடம் வாங்கும்போது கம்பெனியார் தரும் சீட்டில் சரியான எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

"அப்படியானால் ஏழு டன் தூக்கலாமா?" என்று கேட்கக் கூடாது. அது அறும் பாரம். தூக்கும் பாரம் அல்ல. கல், மண் தூக்கும் வடத்துக்கு ஐந்தில் ஒரு பங்குதான் கணக்கு. 1,440 கிலோ. ஆள் ஏறும் வடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. 720 கிலோ. மீதிப் பலம் எதற்கு என்றால், இப்போது சொன்னோமே வெட்டு, சறுக்கல், அதிர்ச்சி, அவற்றுக்காக. அந்தச் சேமிப்பை "இன்னும் கொஞ்சம் வாரு" என்று கல் போட்டுத் தின்றுவிட்டால், ஆபத்து வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. விதை நெல்லைக் குத்திச் சாப்பிட்ட கதைதான்.

இப்போது நைனார்பாளையத்தார் கேள்விக்கு வருவோம். போன வருஷம் ஒரு டன்னைத் தூக்கியபோது வடம் புதிது. ஆபரேட்டரும் நிதானமாகக் கிளப்பியிருப்பார். இழுப்பு ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறைத் தாண்டியிருக்காது. ஏழு டன் வடத்துக்கு அது ஒரு பொருட்டல்ல. ஒரு வருஷ வேலையில் வடம் துருப்பிடித்துக் கம்பிகள் அறுந்து பாதிப் பலம் போயிருந்தால், மீதி 3,600 கிலோ. நுனியில் கொக்கியோடு சேர்த்துப் போட்ட கிளிப்பு சரியில்லை என்றால் அதிலும் கொஞ்சம் போகும். மீதி மூவாயிரம் என்று வையுங்கள். அரை டன் தொட்டி ஓர் அடி சறுக்கினால் இழுப்பு 3,300. இந்தக் கணக்குப்படி வடம் அறாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஒவ்வொரு வெட்டும் வடத்தின் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் காயம் பண்ணிக்கொண்டே போகிறது. இன்றைக்குத் தாங்கியது என்பதற்காக நாளைக்கும் தாங்கும் என்று அர்த்தமில்லை.

இரும்பு வடம் முதலில் வந்ததே இப்படிப்பட்ட தொல்லைக்காகத்தான். ஜெர்மனி நாட்டில் கிளவுஸ்தால் என்ற ஊர்ச் சுரங்கங்களில் சணல் வடமும் சங்கிலியும் அடிக்கடி அறுந்தன. 1834-ஆம் ஆண்டு வில்ஹெல்ம் ஆல்பெர்ட் என்ற சுரங்க அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்து பார்த்தார். சங்கிலியில் ஒரு கண்ணி உடைந்தால் கதை முடிந்தது. முறுக்கு வடத்தில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்கும். முன்கூட்டியே எச்சரிக்கையும் கொடுக்கும். நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்த கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழம்வரை ஆட்கள் போய் வந்தது இப்படிப்பட்ட வடங்களை நம்பித்தான். வடம் கொடுக்கும் எச்சரிக்கையைப் பார்க்க ஆள் வேண்டும். அதுதான் முக்கியம்.

கப்பி மாட்டிய கட்டைக்கு இரட்டைப் பாரம்

கிரேன் இல்லாமல், கிணற்றின் குறுக்கே மரக்கட்டை போட்டு, கப்பி மாட்டி, மேலே நின்று இழுப்பவர்களும் உண்டு. இவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கப்பியின் ஒரு பக்கம் தொட்டி இழுக்கிறது. மறுபக்கம் நாம் கீழ்நோக்கி இழுக்கிறோம். இரண்டு இழுப்பும் கட்டையின் மேல்தான் விழுகிறது. 100 கிலோ தொட்டி என்றால் கட்டைக்கு 200 கிலோ. வெடுக்கென்று இழுத்து வடத்தில் 140 கிலோ இழுப்பு வந்தால் கட்டைக்கு 280 கிலோ. வடத்தைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக வாங்கிவிட்டு, கட்டைக்குப் பழைய பனஞ்சட்டத்தைப் போடாதீர்கள்.

மோட்டார் தூக்குவதிலும் இதே கணக்குத்தான். நீர்மூழ்கி மோட்டாரைக் குழாயோடு தூக்க டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கும் வழக்கம் வந்திருக்கிறது. மோட்டாரும் குழாயும் தடையில்லாமல் வரும்போது சரி. எங்கேயாவது சிக்கிக்கொண்டால் கயிற்றுக்கு வரும் இழுப்பு மோட்டாரின் எடை அல்ல. டிராக்டர் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவும் வரும். கயிறு அறுந்து சாட்டைபோல அடிக்கும். நைலான் கயிறு அதிகம் நீளும். அதனால் வெட்டைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும். ஆனால் அறுந்தால் அதன் அடி பொல்லாதது. கையால் சங்கிலி இழுக்கும் செயின் கப்பி மெதுவாகத்தான் ஏற்றும். அந்த மெதுவே அதன் பெருமை. அதில் எடைக்கு மேல் கூடுதல் இழுப்பு வருவது மிகக் குறைவு.

எந்தக் கயிற்றிலும் முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் ஏறக்குறையப் பாதிப் பலம் போய்விடும். வெயிலில் கிடந்து வெளுத்த பிளாஸ்டிக் கயிறு பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் உள்ளே உளுத்திருக்கும். அதைக் கிணற்று வேலைக்கு எடுக்க வேண்டாம்.

கிரேன் வந்ததும் செய்ய வேண்டியவை

"கூலி பேசி விட்டாச்சு, மற்றதெல்லாம் கிரேன்காரர் பாடு" என்று நினைக்க வேண்டாம். கிணறு நம்முடையது. இறங்குகிறவர்கள் நம் வேலைக்கு வந்தவர்கள். கிரேன் வந்து நின்றதும், ஆள் இறங்குவதற்கு முன், அரை மணி ஒதுக்குங்கள்.

வடத்தை முழுவதும் பிரித்துப் பகலில் பாருங்கள். கையில் கனத்த துணி வைத்து உருவிப் பாருங்கள். அறுந்த கம்பி துணியில் மாட்டும். ஓரிடத்தில் கொத்தாகக் கம்பிகள் அறுந்திருந்தாலோ, வடம் நசுங்கி, முறுக்கு விரிந்து கூடுபோலப் புடைத்திருந்தாலோ, உள்ளே துரு தெரிந்தாலோ, விட்டம் பத்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தாலோ அந்த வடத்தை ஒதுக்கிவிடுங்கள். கெட்ட இடத்தை வெட்டி முடிச்சுப் போட்டு ஓட்டுவது கூடாது.

கொக்கியில் வடத்தை மடித்துக் கிளிப்பு போட்டிருப்பார்கள். குறைந்தது மூன்று கிளிப்பு வேண்டும். கிளிப்பின் வளைந்த கம்பி, மடித்துவிட்ட வெட்டு நுனிப் பக்கம் இருக்க வேண்டும். அகலமான அடிப்பாகம் பாரம் தாங்கும் வடத்தின் மேல் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் வளைந்த கம்பி நல்ல வடத்தைக் கடித்துவிடும். முதல் நாள் பாரம் தூக்கியதும் கிளிப்புத் திருகாணிகளை மறுபடி முறுக்க வேண்டும். பாரம் ஏறினால் வடம் மெலியும், திருகாணி தளரும்.

கிளப்புவதற்கு ஓர் ஒழுங்கு வையுங்கள். முதலில் தொய்வை மெதுவாகச் சுற்றி எடுக்க வேண்டும். வடம் விறைத்ததும் ஒரு நொடி நிற்க வேண்டும். அரை அடி தூக்கி மறுபடி நிறுத்த வேண்டும். தொட்டி சாய்கிறதா, கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே எடுக்க வேண்டும். முதல் வினாடியில் கால் மீட்டர், அரை மீட்டருக்கு மேல் ஏற வேண்டாம். விளிம்பு நெருங்கும்போது வேகத்தைத் தணிக்க வேண்டும்.

கிணற்று விளிம்பில் சைகை காட்ட ஓர் ஆள் தனியாக வேண்டும். அவர் கண் தொட்டியின் மேலேயே இருக்க வேண்டும். தொட்டி பாறையில் தட்டினால் உடனே கை காட்ட வேண்டியவர் அவர். ஆபரேட்டருக்குக் கிணற்றின் உள்ளே தெரியாது. சைகை ஆள்தான் அவருக்குக் கண். அந்த ஆளுக்கு ஒருநாள் கூலி கொடுப்பதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

தொட்டி ஏறி இறங்கும்போது கீழே இருப்பவர்கள் நேர் கீழே நிற்கக் கூடாது. சுவர் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். தலைக்கவசம் போட வேண்டும்.

கல் ஏற்றும் தொட்டியில் ஆள் ஏறி இறங்குவதை விட்டுவிட வேண்டும். "எப்போதும் அப்படித்தான் இறங்குகிறோம்" என்பார்கள். நாளெல்லாம் வெட்டு வாங்கிய வடம் அது. மாலையில் களைத்த ஆபரேட்டர் கையில் பிரேக் இருக்கிறது. அந்த நேரத்தில் ஐந்து பேர் தொட்டியில் தொற்றிக்கொண்டு வருகிறார்கள். கல் விழுந்தால் வாரிக்கொள்ளலாம். ஆள் விழுந்தால்? படிக்கட்டு இருக்கும் கிணறு என்றால் படியில் ஏறட்டும். இல்லையென்றால் உறுதியான ஏணி போட்டு, இடுப்பில் தனிக் கயிறு கட்டி ஏறட்டும். பத்து நிமிஷம் கூடுதலாக ஆகும். ஆகட்டும்.

கூலி பேசும்போதே ஒன்றைக் கவனியுங்கள். தொட்டிக் கணக்கில் கூலி பேசினால் ஆபரேட்டர் அவசரப்படத்தான் செய்வார். நாள் கணக்கிலோ அடிக் கணக்கிலோ பேசினால் அந்த அவசரம் குறையும். ஒரு தொட்டிக்குப் பத்து வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டால், நாளைக்கு நூறு தொட்டிக்கு ஆயிரம் வினாடி. ஏறக்குறைய 17 நிமிஷம். ஒரு டீக் குடித்து வெற்றிலை போடும் நேரம். அந்த 17 நிமிஷத்தை நாம் கொடுத்தால், வடத்துக்கு வரும் பாரம் மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு என்று இறங்கிவிடும்.

உழவர் பெருமக்களே! எடையைத் தராசு சொல்லும். அவசரத்தை எந்தத் தராசும் சொல்லாது. அதை நாம்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வினாடியில் ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஐந்தில் ஒரு பங்கு பாரம் கூடும். தொய்ந்த வடம் பாரத்தைப் பல மடங்கு ஆக்கும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்தக் கோடையில் கிணறு ஆழப்படுத்தப் போகிறவர்கள் இதைக் கிரேன்காரருக்கும், உள்ளே இறங்கும் ஆட்களுக்கும் படித்துக் காட்டுங்கள். கிணற்றில் நல்ல ஊற்று கிடைக்கட்டும். இறங்கியவர்கள் எல்லாரும் மாலையில் ஏறி வரட்டும்.